80 கிலோ 5 முறையா, 40 கிலோ 30 முறையா?

உடற்பயிற்சிக் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வரும் ஒரு சூத்திரம் உண்டு. உடம்பு ஏற வேண்டுமென்றால் கனமான எடையைக் குறைந்த முறை தூக்க வேண்டும்; கொழுப்பு கரைய வேண்டுமென்றால் எடையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 'கட்டிங்' என்று சொல்லப்படும் மெலியும் பருவம் தொடங்கியதும், "வெயிட்டைப் பாதியாக்கு, ரெப்ஸை முப்பதாக்கு" என்று மாஸ்டர் சொல்வதும், அப்படியே செய்தவர் தசை தீப்பிடித்தாற்போல் எரிவதை உணர்ந்து, கொழுப்புதான் உருகுகிறது என்று மகிழ்வதும் அன்றாடக் காட்சி. இப்போது இதற்கு நேரெதிரான சூத்திரமும் பரவியிருக்கிறது: கனமான எடையைத் தூக்கினால் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரிந்துகொண்டே இருக்குமாம். இந்த இரண்டு சூத்திரங்களும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. எடை தூக்குவதைக் கொழுப்பு எரிக்கும் அடுப்பாக எண்ணிக்கொண்டு, எந்த அடுப்பு பெரியது என்று இரண்டும் சண்டையிடுகின்றன.

முதலில் கொழுப்பு எப்படி எரிகிறது என்று பார்க்கலாம். வயிற்றிலும் தொடையிலும் சேர்ந்திருக்கும் கொழுப்பு, கொழுப்புச் செல்களுக்குள் ட்ரைகிளிசரைடு என்ற வடிவத்தில் அடைபட்டிருக்கிறது; ஒரு கிளிசரால் மூலக்கூற்றில் மூன்று கொழுப்பு அமிலங்கள் கோத்த அமைப்பு அது. இரத்தத்தில் இன்சுலின் தணிந்து, அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் ஏறும்போது, செல்லுக்குள் இருக்கும் நொதிகள் அந்தக் கோப்பை அறுத்துவிடுகின்றன. விடுபட்ட கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தின் மேல் ஏறிப் பயணம் செய்து, தசை, இதயம், ஈரல் என்று தேவைப்படும் இடத்தில் இறங்கி, அங்குள்ள செல்களின் ஆற்றல் உலைகளான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் 2014இல் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள்: 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராக மாறுகிறது. வியர்வையில் கொழுப்பு வழிந்து போவதாக நம்பி, வெயிலில் பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர் இழப்பது தண்ணீரைத்தான். ஒரு செம்பு மோரில் அது திரும்பிவிடும்.

இந்தப் பாதையில் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. கொழுப்பு எரிய ஆக்சிஜனும் நேரமும் வேண்டும் என்பது ஒன்று. எந்தத் தசை உழைக்கிறதோ அதன் மேல் படிந்த கொழுப்பே அதற்கு எரிபொருளாகிவிடாது, இரத்தம் எல்லா இடத்திலிருந்தும் பொதுவாகக் கொண்டுவந்து கொடுக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதை 1984இல் வெளியான ஓர் ஆய்வு நேரடியாகச் சோதித்தது. அதில் பங்கேற்றவர்கள் 27 நாட்களில் தலைக்கு 5,004 முறை படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியைச் செய்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் வயிறு, முதுகு, புட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புத் திசுவை எடுத்துச் செல்களின் அளவைப் பார்த்தபோது, வயிற்றுக்கென்று தனிச் சலுகை எதுவும் கிடைத்திருக்கவில்லை. ஐயாயிரம் முறை என்பது அதிக எண்ணிக்கையின் உச்சம் என்று சொல்லலாம். அதற்கே இந்த முடிவுதான்.

இனி, ஒரே ஆள் பெஞ்சில் படுத்து இரண்டு விதமாகத் தூக்குவதை அருகிலிருந்து கவனிக்கலாம். முதலில் 80 கிலோவை 5 முறை. பார்பெல்லை எடுத்து இறக்கி ஏற்றி முடிக்கச் சுமார் 15 வினாடிகள் ஆகும். தசை இழைகளில் தயாராக இருக்கும் ஏ.டி.பி. என்ற உடனடி எரிபொருள் ஓரிரு வினாடிகளுக்கே போதும். அது தீரத் தீர, கிரியேட்டின் பாஸ்பேட் என்ற கையிருப்பு அதை உடனுக்குடன் நிரப்பிக் கொடுக்கிறது. கொழுப்பு அமிலம் இரத்தத்தில் பயணம் செய்து வந்து எரிவதற்குள் செட், அதாவது இடைவிடாமல் தூக்கும் அந்த ஒரு சுற்று, முடிந்து, பார்பெல் தாங்கியில் உட்கார்ந்துவிடும்.

அடுத்து 40 கிலோவை 30 முறை. முதல் பத்து முறை சுலபமாகப் போகிறது. பதினைந்தைத் தாண்டும்போது மார்பிலும் கையின் பின்புறத்திலும் எரிச்சல் தொடங்குகிறது. இருபத்தைந்தில் பார்பெல்லின் வேகம் குறைகிறது. கடைசி இரண்டு முறை நடுங்கிக்கொண்டே ஏறுகிறது. இப்போது ஒரு நிமிடத்துக்கும் மேலாகிவிட்டதால் கிரியேட்டின் பாஸ்பேட் போதாமல், தசை தன்னிடம் சேமித்திருக்கும் கிளைகோஜனை, அதாவது மாவுச்சத்தை, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் விரைந்து உடைக்கத் தொடங்கிவிட்டது. அந்த அவசரத்தில் தசைக்குள் அமிலத்தன்மை கூடுவதே எரிச்சலுக்கு முக்கியக் காரணம். ஆகவே 'எரிகிறது' என்று அவர் பல்லைக் கடிக்கும் அந்த நேரத்தில் செலவாவது பெரும்பாலும் மத்தியானம் சாப்பிட்ட சோறு. தொப்பை தன் முறைக்காக இன்னும் வரிசையில்தான் நிற்கிறது.

செலவான ஆற்றலையும் கணக்கிட்டுவிடலாம்; பள்ளி இயற்பியல் போதும். பார்பெல் ஏறும் உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 80 கிலோவை 5 முறை ஏற்றச் சுமார் 1,570 ஜூல் வேலை ஆகிறது. 40 கிலோவை 30 முறை ஏற்றச் சுமார் 4,700 ஜூல். தசை தன் எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது, மிச்சம் வெப்பமாகிறது என்று கொண்டால், முன்னதற்கு ஏறக்குறைய 2 கிலோ கலோரியும் பின்னதற்கு ஏறக்குறைய 6 கிலோ கலோரியும் செலவாகின்றன. மூன்று மடங்கு வித்தியாசம் என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். ஆனால் மூன்று செட் தூக்குவதாக வைத்துக்கொண்டாலும், எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த வித்தியாசம் 11 கிலோ கலோரியைச் சுற்றித்தான் நிற்கிறது; ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 20 கிலோ கலோரி இருக்கிறது. எடையை மெல்ல இறக்குவதற்கும், உடலை அசையாமல் நிறுத்துவதற்கும், இடையில் மூச்சு வாங்குவதற்கும் ஆகும் செலவு இந்தக் கணக்கில் இல்லை என்பதால் உண்மையான எண்கள் கூடுதலாகவே இருக்கும். இருந்தாலும் இரண்டு முறைகளுக்கும் இடையில் பெரிய பள்ளம் எதுவும் விழுந்துவிடாது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7,700 கிலோ கலோரி அடங்கியிருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், செட்டுக்குச் செட் கிடைக்கும் இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டு வாதாடுவது எவ்வளவு வீண் என்று விளங்கும்.

கனமான எடைக்காரர்கள் சொல்லும் 'பின்னெரிப்பு' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி முடிந்த பிறகும் உடல் சிறிது நேரம் கூடுதல் ஆக்சிஜனை இழுக்கிறது என்பது உண்மை. ஆனால் அதன் அளவு பெரும்பாலும் பயிற்சிக்குச் செலவானதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும் என்ற பேச்சும் இப்படித்தான். ஓய்வில் இருக்கும் ஒரு கிலோ தசை நாளொன்றுக்குச் செலவிடுவது சுமார் 13 கிலோ கலோரி. வியர்வை சிந்தி இரண்டு கிலோ தசை ஏற்றியவருக்கு அந்த வகையில் கிடைக்கும் கூடுதல் சம்பளம் ஓர் இட்லிக்குக்கூடக் காணாது.

அப்படியானால் மெலிய நினைக்கிறவர் எதற்காக எடை தூக்க வேண்டும்? உணவைக் குறைத்ததும் உடல் பற்றாக்குறையைச் சமாளிக்கக் கையிருப்பைக் கரைக்கிறது. ஆனால் கொழுப்பை மட்டும் பார்த்துப் பார்த்துக் கரைப்பதில்லை. பயிற்சி இல்லாமல் வெறுமனே பட்டினி கிடந்து எடை குறைப்பவர் இழப்பதில் ஏறக்குறைய கால் பங்கு, கொழுப்பு அல்லாத திசுவாக இருப்பது வழக்கம். அதில் தசையும் அடக்கம். பயன்படாத தசை உடலுக்குச் சுமை. அதை உடைத்துப் புரதத்தை எடுத்துக்கொள்வதில் அதற்குத் தயக்கம் கிடையாது. அதே தசை வாரத்தில் சில நாட்கள் தன் எல்லை வரை இழுக்கப்பட்டால், அதன் இழைகளில் ஏற்படும் இழுவிசையே புதுப் புரதம் கட்டுவதற்கான ஆணையாகிறது. எடை தூக்குதல், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று உடலுக்குச் சொல்கிறது. கொழுப்பைக் கரைக்கும் வேலையைச் செய்வது சாப்பாட்டுத் தட்டு. எனவே இரண்டில் எந்த முறை கொழுப்பை அதிகம் எரிக்கும் என்று கேட்பதைவிட, எந்த முறை அந்தச் செய்தியை உரக்கச் சொல்கிறது என்று கேட்பதுதான் பொருத்தம்.

இதற்கு நெடுங்காலமாக ஒரே பதில்தான் இருந்தது. சிகாகோவின் ராணுவ மருத்துவமனை ஒன்றில் காயம்பட்ட வீரர்களின் முழங்கால்களுக்குப் பயிற்சி கொடுத்த மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1945இல் எழுதிய கட்டுரையில், கனமான எடையும் குறைந்த எண்ணிக்கையும் வலிமை தரும், லேசான எடையும் அதிக எண்ணிக்கையும் தாங்குதிறன் தரும், ஒன்றின் பலனை மற்றொன்று தராது என்று வகுத்துச் சொன்னார். இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிகிறவனையும் கர்லாக்கட்டையை நூற்றுக்கணக்கில் சுழற்றுகிறவனையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதாகப் படாது. வலிமையைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பெரும்பகுதி இன்றைக்கும் நிற்கிறது. தசையின் பருமனைப் பொறுத்தவரை நிற்கவில்லை.

காரணம் நரம்புகளில் இருக்கிறது. அமெரிக்க நரம்பியலாளர் எல்வுட் ஹென்னமன் 1957இலும் அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் பூனைகளின் தண்டுவடத்தில் செய்த ஆய்வுகளில், தசை இழைகளை ஏவும் இயக்க நரம்புகள் கண்டபடி வேலைக்கு வருவதில்லை, சிறியவை முதலிலும் பெரியவை கடைசியிலுமாக வரிசையில் வருகின்றன என்று கண்டார். 80 கிலோவைத் தூக்கும்போது தொடக்கத்திலேயே ஏறக்குறைய எல்லா நரம்புகளும் அழைக்கப்பட்டுவிடுகின்றன. 40 கிலோவுக்குச் சிறியவையே போதும். ஆனால் அவை களைக்கக் களைக்க, அடுத்தடுத்த பெரிய நரம்புகள் உதவிக்கு வர வேண்டியிருக்கிறது. நடுங்கிக்கொண்டே ஏறிய அந்த இருபத்தொன்பதாவது, முப்பதாவது முறையில், பெரிய இழைகளும் இழுவிசைக்குள் வந்துவிட்டன. வேறு வழியில் நடந்தாலும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றுதான்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் பிலிப்ஸின் குழு இதை மனிதர்களிடம் சோதித்தது. 2012இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சிப் பழக்கமில்லாத இளைஞர்களின் ஒவ்வொரு காலுக்கும் ஒவ்வொரு முறையை ஒதுக்கி, 10 வாரம் தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் ஒரே முறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 80 சதவீதத்தை மூன்று செட் தூக்கிய கால்களிலும், வெறும் 30 சதவீதத்தை இனி முடியாது என்னும் வரை மூன்று செட் தூக்கிய கால்களிலும் தொடைத் தசை ஏறக்குறைய 7 சதவீதம் வளர்ந்திருந்தது. 80 சதவீதத்தை ஒரே செட்டோடு நிறுத்திய கால்களில் வளர்ச்சி அதில் பாதியைக்கூட எட்டவில்லை. வலிமையில் மட்டும் கனமான எடை முந்திக்கொண்டது. 2016இல், ஏற்கெனவே பயிற்சி பெற்ற 49 ஆண்களை வைத்து அதே பல்கலைக்கழகம் 12 வாரம் நடத்திய ஆய்விலும், 8 முதல் 12 முறை தூக்கியவர்களுக்கும் 20 முதல் 25 முறை தூக்கியவர்களுக்கும் தசை வளர்ச்சியில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. லேசான எடைக்கும் ஒரு தரைமட்டம் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: உச்ச எடையில் 20 சதவீதம் வரை இறங்கிவிட்டால், களைக்கும் வரை தூக்கினாலும் பலன் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. பிளாஸ்டிக் பூசிய ஒரு கிலோ டம்பெல்லை ஆட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மேற்கண்ட முடிவுகள் அனைத்திலும் 'இனி முடியாது என்னும் வரை' என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடைமுறையில் எனக்குக் கனமான எடையின் பக்கம் சாய்வு ஏற்படுவதும் இதனால்தான். எரிச்சல் பதினைந்தாவது முறையில் தொடங்குகிறது. பெரிய நரம்புகளோ இருபத்தைந்துக்கு மேல்தான் முழுதாக வருகின்றன. இடையிலுள்ள அந்தப் பத்து முறையைக் கடக்க முடியாமல் பெரும்பாலானோர் பார்பெல்லை வைத்துவிடுகிறார்கள். வேதனையை அனுபவித்தும் செய்தி போய்ச் சேர்வதில்லை. உணவு குறைந்து கிளைகோஜன் கையிருப்பு இறங்கியிருக்கும் நாட்களில் அதையே பெரிதும் நம்பியிருக்கும் நீண்ட செட் இன்னும் கடினமாகும். 6 முதல் 10 முறைக்குள் முடியும் எடையில் ஏமாற்ற இடம் குறைவு. கனமாகத் தூக்கினால் ஆண்களைப் போல உடம்பு பருத்துவிடும் என்று அஞ்சும் பெண்களுக்கு, உணவைக் குறைத்திருக்கும் நிலையில் அப்படிப் பருப்பதற்கான மூலப்பொருள் மிகக் குறைவு என்பது ஆறுதலாக இருக்கலாம்.

அந்த மூலப்பொருளைப் பற்றியும் மெக்மாஸ்டரிலிருந்தே ஒரு சான்று உண்டு. 2016இல் 40 இளைஞர்களுக்கு அவர்களின் தேவையைவிட 40 சதவீதம் குறைவான உணவு கொடுத்து, கடும் பயிற்சியோடு 4 வாரம் வைத்திருந்தார்கள். நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் உண்டவர்கள் 3.5 கிலோ கொழுப்பை இழந்து, தசையைக் குறையாமல் காத்துக்கொண்டார்கள். 2.4 கிராம் உண்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்ததோடு, கொழுப்பற்ற எடையில் 1.2 கிலோ கூடவும் செய்தார்கள். எடையா எண்ணிக்கையா என்ற வாதத்தில் இதைப் போன்ற வேறுபாட்டைக் காட்டிய ஆய்வு எதையும் நான் கண்டதில்லை. முட்டையையும் சுண்டலையும் பற்றி யாரும் சண்டை போடுவதுமில்லை.

மூட்டு வலி உள்ளவர்களுக்கு லேசான எடையே உண்மையான வழி. அவர்களுக்கு மேற்சொன்ன ஆய்வுகள் நல்ல செய்தி. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான் எந்த முறையிலும் இறங்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு கால்களால் பெரும் எடையைத் தள்ளியவர்களின் தமனிக்குள் நேரடியாக அளந்த 1985ஆம் ஆண்டு ஆய்வில், அழுத்தம் சராசரியாக 320/250 வரை எகிறியது. லேசான எடையையும் முடியாத எல்லை வரை தூக்கினால் கடைசி முறைகளில் அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

மற்றவர்களுக்குக் கனமான செட்டில் இன்னொரு வசதியும் இருக்கிறது. எடை பார்க்கும் இயந்திரம் தண்ணீரையும் தசையையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்லாது. ஆனால் இரண்டு மாதத்தில் உடல் எடை நான்கு கிலோ இறங்கிய பிறகும் அதே 80 கிலோ அதே ஐந்து முறை ஏறுகிறதென்றால், போனதில் பெரும்பகுதி கொழுப்புதான் என்று ஓரளவு நம்பலாம். மூன்றாவது முறையிலேயே பார்பெல் நெஞ்சில் நின்றுவிட்டால், உணவில் வெட்டியது அதிகமா, புரதம் குறைவா, தூக்கம் போதவில்லையா என்று அந்த வாரமே பார்க்கத் தொடங்கலாம்.