ஹிருடின்: பெயருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் அட்டை

அட்டை கடித்த இடத்தில் மூன்று சிறு கோடுகள் ஒரு புள்ளியில் சேரும் வடு தெரியும். அதற்கு மூன்று தாடைகள். வயிறு நிறைந்து அது தானாக விழுந்த பிறகும் அந்த வடுவிலிருந்து மணிக்கணக்கில் ரத்தம் கசியும். அதற்கு ஒரு காரணம், எச்சிலில் இருக்கும் ஹிருடின் என்ற புரதம்.

லத்தீனில் 'ஹிருடோ' என்றால் அட்டை. புரதப் பெயர்களில் வழக்கமாக வரும் 'இன்' விகுதி அதோடு சேர்ந்துகொண்டது. அட்டையின் சுரப்பு ரத்தத்தை உறையவிடாது என்று 1884இல் காட்டியவர் ஜான் ஹேகிராஃப்ட். பெயர் வந்தது 1904இல். ஜெர்மானியர் ஃப்ரிட்ஸ் மார்க்வார்ட் 1950களில் அதைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்: 65 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம். ரத்தத்தில் நார் இழைகளை உருவாக்கி உறையச் செய்யும் த்ராம்பின் என்ற நொதியைப் பிடித்து, அதன் வேலையை நிறுத்திவிடும். 1913இலேயே நாய்களுக்கு ரத்தச் சுத்திகரிப்பு செய்துபார்த்த ஜான் ஏபெல், குழாயில் ரத்தம் கட்டாமலிருக்க அட்டைத் தலைகளை அரைத்து எடுத்த ஹிருடினைத்தான் பயன்படுத்தினார். இன்று அட்டையை அரைப்பதில்லை. ஹிருடின் வகை மருந்தான லெபிருடினை ஈஸ்ட் செல்களில் தயாரித்தார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும்போது கொடுக்கும் பைவாலிருடின், ஹிருடினைப் பார்த்துச் செயற்கையாகச் செய்தது. பெயர்களின் வாலைப் பாருங்கள், அட்டை இன்னும் விடவில்லை!

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அட்டைப்புரதம்' பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதே எச்சிலில் பிடெலின் என்று இன்னொரு புரதம் உண்டு; அதன் வேர் 'ப்டெல்லா', கிரேக்கத்தில் அட்டை. இரண்டையும் பெயர்த்தால் இரண்டும் அட்டைப்புரதம்தான். ஆகவே பெயர் ஹிருடினாகவே இருக்கட்டும், வேலைக்குத் தமிழ்ச்சொல் போதும்: உறைவெதிர்ப்பி. 'ரத்தத்தை நீர்க்க வைக்கும் மருந்து' என்று எழுதுவது எனக்கு உவப்பில்லை. ரத்தம் நீர்த்துப்போவதில்லை, உறைய மறுக்கிறது, அவ்வளவுதான்.

அட்டையையே கடிக்க விடும் சிகிச்சைக்குச் சொல் தேடவே வேண்டாம், 'அட்டை விடுதல்' பழைய வழக்கு. துண்டான விரலை ஒட்டவைத்த பின் ரத்தம் திரும்ப வழியின்றித் தேங்கினால், நவீன அறுவை மருத்துவர்களும் அட்டை விடுகிறார்கள். 2004இல் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி தந்தபோது அட்டையை 'மருத்துவக் கருவி' என்ற வகையில் சேர்த்தது.