டார்ச் சாங்: சொல் விளக்கம்

டார்ச் சாங் என்ற பெயரில் வரும் டார்ச், பேட்டரி போட்டு அடிக்கிற டார்ச் லைட் அல்ல, தீப்பந்தம். விட்டுப்போனவர் மேலோ, கடைசிவரை ஏறெடுத்தும் பார்க்காதவர் மேலோ உள்ள காதலை அணையவிடாமல் வைத்திருப்பவரை, 'பந்தம் ஏந்தித் திரிகிறார்' என்று 1920களில் அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் சொல்லத் தொடங்கினார்கள். அப்படித் திரிகிறவரின் பாட்டுதான் டார்ச் சாங். நியூயார்க்கின் இரவு விடுதிகளிலும் பிராட்வே நாடக மேடையிலும் இது வளர்ந்தது. பாடகி ஹெலன் மார்கன் பியானோவின் மேலேறி உட்கார்ந்து பாடியது இந்த வகைக்கே அடையாளமாகிவிட்டது.

சோகப் பாட்டெல்லாம் டார்ச் சாங் ஆகாது. செத்தவருக்காக அழுவது இதில் சேராது. போனவர் எங்கேயோ சௌக்கியமாக இருப்பார்; பாடுகிறவர்தான் மறக்க முடியாமல் தவிப்பார். அமெரிக்க இசையமைப்பாளர் ஹோகி கார்மைக்கேல் 1939இல் வெளியிட்ட ஒரு பாட்டைப் பாருங்கள். 'நீ இல்லாமல் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று வீம்பாகத் தொடங்கும். அடுத்த வரியிலேயே, மழை தூறும்போது மட்டும் அப்படியில்லை என்று இறங்கிவிடும். அப்புறம் ஒவ்வொரு விதிவிலக்காக வந்துகொண்டே இருக்கும்.

1958இல் ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தில் இதைப் பாடினார். அப்போது அவருக்கு 42 வயது. குரல் கரகரத்துத் தேய்ந்திருந்தது. பின்னால் இசைக்குழுவை நடத்திய ரே எல்லிஸின் வயலின்கள் பட்டுப்போல் வழுக்கிப் போகும்போது அந்தத் தேய்மானம் இன்னும் துலக்கமாகக் கேட்கிறது. கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்பவர்கள் உண்டு. எனக்கு, அந்த வீம்பு பொய் என்பதே அந்தக் குரலில்தான் புரிகிறது. அடுத்த ஆண்டு ஜூலையில் அவர் இறந்துபோனார்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தீப்பந்தப் பாடல்' என்றால் ஊர்வலம்தான் நினைவுக்கு வரும். கைக்கிளை ஒருதலைக் காதல்தான். ஆனால் ஒருகாலத்தில் சேர்ந்திருந்து பிரிந்தவர்களுக்கு அது பொருந்தாது. நெய்தலின் உரிப்பொருளான இரங்கல் மிக நெருங்கி வருகிறது. என்ன செய்ய, இன்று இரங்கல் என்றால் சாவுச் செய்தி. 'ஏக்கப் பாடல்' என்பதே என் தேர்வு: பிரிந்தவருக்கும் பொருந்தும், கிடைக்காதவருக்கும் பொருந்தும்.

ஜாஸில் வரும் இன்னொரு சொல்லான ஸ்டாண்டர்ட் என்பது வேறு. பெரும்பாலும் யாரோ நாடகத்துக்கோ படத்துக்கோ எழுதி, பிறகு ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் எடுத்தாளுகிற பாட்டு அது. ஏக்கப் பாடல்கள் பலவும் ஸ்டாண்டர்டுகளே. 'தரப்பாடல்' என்று பெயர்த்தால் தரச்சான்று வாங்கியதுபோல் ஆகிவிடும். ஜாஸை ஜாஸ் என்றே சொல்வதுபோல் இதையும் ஸ்டாண்டர்ட் என்றே விடலாம்.