கூடு இருக்கும் மரத்துக்கு லொக்கேஷன் போடாதீர்கள்

தை பிறந்துவிட்டால், ஆனைமலைப் பகுதியில் பறவை பார்க்க அழைத்துச் செல்லும் என்னைப் போன்ற வழிகாட்டிகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான் வரும்: "இருவாச்சிக் கூடு எங்கே இருக்கிறது? லொக்கேஷன் அனுப்புங்கள்." கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் கேமராவோடு வரும் இவர்கள் பறவைகள் மீது மெய்யான ஆசை உள்ளவர்கள்தான், ஆனாலும் நான் அனுப்புவதில்லை.

பெரிய இருவாச்சி (ஹார்ன்பில் பறவை) முதிர்ந்த பெருமரங்களின் பொந்தில் கூடு வைக்கிறது. பெண் பறவை உள்ளே புகுந்து, எச்சத்தையும் இரை மிச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறலை மட்டும் விட்டுவைக்கும். உள்ளிருக்கும் காலத்தில் அதன் சிறகுகள் உதிர்ந்து முளைப்பதால், நினைத்தாலும் பறந்து போய் இரை தேட முடியாது. ஆண் பறவை அத்திப்பழங்களைத் தொண்டையில் அடக்கிக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அந்தக் கீறல் வழியே ஊட்டும். மரத்தடியில் ஆள் நடமாட்டம் இருந்தால் அது கூட்டை அண்டாமல் அடுத்த மரக்கிளையிலேயே காத்திருக்கும்; பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதும் உண்டு. லொக்கேஷனைப் பார்த்து ஒரு குழு போனதும் அடுத்த குழு வந்தால், உள்ளே இருப்பவற்றுக்கு அன்று இரை இல்லை.

அதோடு, தகுந்த பொந்து எளிதில் அமையாது என்பதால் ஒரே மரத்துக்கே ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. இன்று போட்ட லொக்கேஷனை நாளை நீக்கினாலும், ஸ்கிரீன்ஷாட் அடுத்த தைக்கும் உயிரோடு இருக்கும்.

படத்தைப் போடுங்கள், மாவட்டத்தையும் மாதத்தையும் எழுதுங்கள், அது போதும். வால்பாறைச் சாலையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் எண் பலகை உண்டு; அதில் ஒன்று படத்தின் ஓரத்தில் விழுந்திருந்தால் நீங்கள் வாய் திறக்காமலே இடம் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால், அதில் பதிந்திருக்கும் ஜி.பி.எஸ். விவரமும் கூடவே போகும். பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களைப் பயன்படுத்துபவர்கள், இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். மரத்தை உங்களுக்குக் காட்டியவர் காடர், மலசர் பழங்குடியினரோ எஸ்டேட் தொழிலாளியோ, அவரைக் கேட்காமல் அடுத்தவருக்குச் சொல்வது முறையல்ல.

பிழைப்புக்காகவே வழிகாட்டிகள் மறைக்கிறார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அதை முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். காசு வாங்கிக்கொண்டு மரத்தடிக்கே கூட்டிப் போகிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள், லொக்கேஷன் போடுவதைவிட அது எவ்விதத்திலும் மேலானதல்ல.

இடம் சொல்லியே ஆக வேண்டும் என்றால், சாலையோரத்தில் பழுத்து நிற்கும் அத்தி மரத்தைச் சொல்லுங்கள். காலையில் இருவாச்சிகள் தாமாகவே அங்கு வரும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சாலையில் நின்றபடியே பார்க்கலாம். பழம் தீர்ந்ததும் அந்த லொக்கேஷன் யாருக்கும் பயன்படாது.