கட்டட வேலை: ஓவர்டைம் கூலியும் கொத்தனார் கூலியும் எங்கே தொலைகின்றன?

தளத்துக்கு கான்கிரீட் போடுகிற நாளில் யாரும் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. காலையில் மிக்சர் ஓட ஆரம்பித்தால், கலவையைப் பாதியில் நிறுத்த முடியாது என்று இரவு வரை இழுக்கும். கடைசியில் கைக்கு வருவது ஒரு பரோட்டா பொட்டலமும் ஒரு நாள் கூலியும். "எல்லா சைட்டிலும் இதுதானே வழக்கம்" என்பார் மேஸ்திரி. வழக்கம்தான், சட்டம் அதுவல்ல.

நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரண்டு மடங்கு கூலி. பழைய கட்டடத் தொழிலாளர் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. "பழைய சட்டம் போச்சு, இனி ஓவர்டைம் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரட்டைக் கூலி அப்படியே இருக்கிறது.

கேட்கப் போனால்தான் அலைச்சல். பில்டர் கான்ட்ராக்டரைக் காட்டுவார், அவர் மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி போனை எடுக்கமாட்டார். தொழிலாளர் அலுவலகத்திலோ முதல் கேள்வியே "உங்க முதலாளி யாரு?" என்பதுதான். அதனால் வேலைக்குச் சேர்ந்த அன்றே சைட் பலகையை போட்டோ எடுத்துவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம் நான்கையும் எழுதுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. ஆனால் அந்த சைட்டில் வேலை செய்ததையே அவர் மறுத்தால், உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கும்போது வெற்றுத்தாளில் கைநாட்டு வைக்கவே வைக்காதீர்கள்.

கூலி பாக்கிக்கு 3 வருடம் வரை மனு போடலாம். "லேட்டா வந்துட்டீங்க" என்று கவுன்டரிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள்.

கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருந்தால் கூலி பாக்கி வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அது உதவித்தொகைக்கான அட்டை. அதற்கு வயது 18 முதல் 60 வரை இருக்க வேண்டும், கடந்த 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்திருக்க வேண்டும். அந்த 90 நாளுக்குக் கையெழுத்துப் போட முதலாளிகள் பயப்படுவார்கள். அப்போது பதிவு பெற்ற தொழிற்சங்கத்தைப் போய்ப் பாருங்கள். ஆதாரில் ஒரு இனிஷியல், பேங்க் பாஸ்புக்கில் வேறு இனிஷியல் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அட்டையைப் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டால், விபத்து நடந்த பிறகு குடும்பம்தான் அல்லாடும்.

அப்புறம் இந்தத் தரம், அதாவது கொத்தனாரா சித்தாளா என்பது. பத்து வருடமாகக் கரண்டி பிடித்துப் பூச்சு வேலை செய்யும் பெண்ணுக்கு இன்னும் சித்தாள் கூலி. கேட்டால், "பொம்பளை கொத்தனாரா?" என்று சிரிப்பு. குறைந்தபட்சக் கூலி வேலையின் திறனைப் பொறுத்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று என்று கொடுப்பதும் சட்டப்படி தப்பு. திறன் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால் நல்லதுதான், ஆனால் அதை நீட்டியதும் கூலி தானாக ஏறாது. வாரிய அட்டையில் தொழிலை மாற்றுங்கள். மனுவிலும் "கொத்தனார்" என்றே எழுதச் சொல்லுங்கள். "கட்டட வேலை" என்று மொட்டையாக எழுதினால் சித்தாள் கூலிக்குத்தான் கணக்குப் போடுவார்கள்.