அலெப்ரிகே: காய்ச்சலில் கேட்ட ஒரு சொல்

கழுதைக்கு வண்ணத்துப்பூச்சியின் சிறகு. சேவலுக்குக் காளைக் கொம்பு. சிங்க உடம்பில் கழுகுத் தலை. உடல் முழுக்கக் கடுகளவு இடம்கூட விடாமல் புள்ளி, கோடு, செதில், சுழி. மெக்சிகோவிலிருந்து வரும் இந்த வண்ணப் பொம்மைகளின் பெயர் அலெப்ரிகே.

முதலில் உச்சரிப்பைப் பார்த்துவிடலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலைப் (alebrije) பார்த்தால் 'அலெப்ரிஜே' என்று எழுதத்தான் கை போகும். ஸ்பானிய மொழியில் அந்த j எழுத்துக்கு ஜகர ஒலி கிடையாது. தொண்டையில் லேசாக உரசிக்கொண்டு வரும் ஒலி. 'முகம்', 'பகல்' என்று நாம் சொல்லும்போது நடுவில் வரும் ககரம் அதற்கு மிகவும் நெருக்கம். ஆகவே 'அலெப்ரிகே' என்று எழுதி, கடைசி எழுத்தை அழுத்தாமல் சொன்னால் போதும். பகரத்தை 'அன்பு' என்ற சொல்லில் வருவதுபோல மென்மையாகச் சொல்ல வேண்டும். 'ப்ரி' என்ற மெய்ம்மயக்கம் தமிழ் மரபில் இல்லையே என்பவர்கள் 'அலெபிரிகே' என்று எழுதிக்கொள்ளலாம், குறையொன்றும் இல்லை.

சரி, பொருள் என்ன? அகராதியைப் புரட்டி வேர்ச்சொல் தேடினால் ஏமாற்றம்தான். ஒரு பொம்மைக் கலைஞர் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் கேட்டதாகச் சொன்ன சொல் இது. பெத்ரோ லினாரெஸ் என்ற அந்தக் கலைஞர் 1906இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். 1936இல், முப்பது வயதில், படுத்த படுக்கையாகக் கிடந்தார். நினைவு தப்பிய நிலையில் ஒரு காட்டுக்குள் நடப்பதாகக் கனவு. வலி இல்லை, நோய் இல்லை, நிம்மதியாக நடக்கிறார். திடீரென்று பாறைகளும் மேகங்களும் விலங்குகளாக மாறுகின்றன. எந்த விலங்கென்று பெயர் சொல்ல முடியாத விலங்குகள். எல்லாம் ஒரே குரலில் 'அலெப்ரிகே! அலெப்ரிகே!' என்று கத்துகின்றன. பயந்து ஓடியவர் வழியில் ஒரு மனிதரைப் பார்த்து உதவி கேட்கிறார். நீ இங்கே வரும் நேரம் இன்னும் ஆகவில்லை, போ என்று அவர் வழி காட்ட, ஒரு குறுகலான சன்னல் வழியாக நுழைந்து வெளியே வருகிறார், விழிப்பு வந்துவிடுகிறது. உடம்பு தேறியதும் கனவில் கண்டதை வீட்டாருக்குக் காட்டுவதற்காகக் காகிதத்தில் செய்யத் தொடங்கினார்.

இது லினாரெஸே பின்னாளில் சொன்ன கதை. கனவுக்குச் சாட்சி கேட்பதில் அர்த்தமில்லை. ஆனால் கனவு காண்பதற்கு முன்பே அந்தக் கைகள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதைப் பார்த்தால் கதை இன்னும் சுவையாகிறது.

லினாரெஸ் ஒரு 'கர்தோனெரோ'. அட்டையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த தொழிற்பெயர். தாளை ஒட்டி உருவம் செய்பவர் என்று பொருள். தொழிலைத் தகப்பனாரிடம் கற்றவர். பிறந்தநாளில் குழந்தைகள் கம்பால் அடித்து உடைக்கும் மிட்டாய்ப் பொம்மையான பின்யாத்தா, திருவிழா முகமூடி, இறந்தவர்களை நினைக்கும் பண்டிகையான இறந்தோர் நாளுக்கான எலும்புக்கூடு என்று பருவத்துக்கு ஏற்ப வேலை மாறும். அந்த எலும்புக்கூடுகளின் சேட்டைக்குப் பின்னால் ஹோசே குவாதலூப்பே போசாதா என்ற அச்சுச் சித்திரக்காரர் இருக்கிறார். 1913இல் இறந்துபோன போசாதா, மண்டையோடுகளைத் தொப்பி போடவும் மிதிவண்டி ஓட்டவும் வைத்து வரைந்தவர். அவருடைய தட்டைக் கோடுகளுக்குக் கையும் காலும் முதுகும் கொடுத்து எழுப்பி நிறுத்தியவர்களில் லினாரெஸ் குடும்பத்தாரும் உண்டு.

இன்னொரு முக்கியமான உருப்படி 'யூதாஸ்'. ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பொம்மையில் வெடியைக் கட்டித் தெருவில் வெடிக்கவிடுவார்கள். தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை: கொடும்பாவி. மழை பொய்த்தால் கட்டி இழுத்து எரித்த அதே கொடும்பாவி, செய்தித்தாளில் 'உருவ பொம்மை எரிப்பு' ஆகிவிட்டது, அவ்வளவுதான். மெக்சிகோவின் யூதாஸ் பெரும்பாலும் சாத்தான் வடிவம்: சிவப்பு உடம்பு, கொம்பு, சில சமயம் வௌவால் சிறகு. ஓவியர் தியேகோ ரிவேராவுக்கு இந்த யூதாஸ் பொம்மைகள் மேல் தனிப் பிரியம். அவரும் அவருடைய மனைவியான ஓவியர் ஃப்ரீதா காலோவும் வாழ்ந்த நீல வீட்டில் ஆளுயர யூதாஸ்கள் இன்றும் நிற்கின்றன. இவர்களுக்கெல்லாம் பொம்மை செய்துகொடுத்தவர் லினாரெஸ்.

ஆக, கொம்பும் சிறகும் அவர் கைக்குப் புதிதல்ல. புதிதாக வந்தது என்னவென்றால், இது எதற்காக என்று கேட்க முடியாத பொம்மை. யூதாசை எரிக்க வேண்டும். பின்யாத்தாவை உடைக்க வேண்டும். எலும்புக்கூடு இறந்தோர் நாளோடு முடிந்துவிடும். அலெப்ரிகேவுக்குப் பண்டிகை இல்லை, சடங்கு இல்லை, நாள் முடிந்ததும் அழிய வேண்டிய கட்டாயமும் இல்லை. எனக்குத் தெரிந்து அந்தச் சொல்லின் பொருளைச் சொல்ல இதைவிட நெருக்கமான வழி இல்லை. வேலை எதுவும் இல்லாத மிருகம்.

செய்முறையில் ஒரு சொல் சிக்கல் இருக்கிறது. இதைக் 'காகிதக்கூழ் பொம்மை' என்று எழுதினால் பாதிதான் சரி. காகிதத்தை ஊறவைத்து அரைத்து, கூழாக்கி, அச்சில் அழுத்தி எடுப்பது காகிதக்கூழ் வேலை. நம் கொலுப் பொம்மைகளில் பல அப்படி வருபவை. லினாரெஸ் வழி வேறு. நாணல் பிளாச்சையும் கம்பியையும் வளைத்துக் கட்டி முதலில் உள்சட்டம் ஒன்று செய்வார்கள். பிறகு கிழித்த தாளைப் பசையில் நனைத்து அதன்மேல் அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். பசை வேறொன்றும் இல்லை, சுவரொட்டி ஒட்ட நம் ஊரில் காய்ச்சும் மைதா பசையேதான். காய்ந்ததும் அடுத்த அடுக்கு. நாக்கு, பல், கொம்பு, செவுள், சிறகு எல்லாவற்றையும் தனித்தனியாகச் செய்து பொருத்துவார்கள். பிறகு மேலே முழுக்க வெள்ளை அடிப்பார்கள். வெள்ளைநிலையில் பார்த்தால் உருவம் கொஞ்சம் சோகையாகத்தான் இருக்கும். அப்புறம் தூரிகை இறங்கும்: வயிற்றில் ஒரு நிறம், அதன்மேல் வேறு நிறத்தில் செதில், ஒவ்வொரு செதிலுக்குள்ளும் ஒரு புள்ளி, புள்ளியைச் சுற்றி மயிரிழை அளவு கோடு. சிற்பமும் ஓவியமும் இங்கே பிரிக்க முடியாதவை. உடம்பு பாதி மிருகத்தைச் செய்கிறது, கோடு மீதியைச் செய்கிறது. இந்த வேலைக்கு 'ஒட்டுத்தாள் பொம்மை' என்ற பெயர் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சொல் மெக்சிகோ நகரத்தை விட்டுக் கிளம்பியது பிறகுதான். 1975இல் ஜூடித் பிரனாவ்ஸ்கி என்பவர் லினாரெஸைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்தார். வெளியுலகம் பெயரைக் கேள்விப்பட்டது. 1980களில் அமெரிக்காவில் மெக்சிகோ கைவினைஞர்கள் செய்துகாட்டும் பயணம் ஒன்றை அவர் ஏற்பாடு செய்தபோது லினாரெஸோடு மனுவேல் ஹிமெனெஸ் என்பவரும் போனார். ஹிமெனெஸ் தெற்கே வகாக்கா மாநிலத்தின் அர்ராசோலா கிராமத்துக்காரர். (வரைபடத்தில் 'ஒக்சாக்கா' என்று படிக்கத் தோன்றும் இடம் இதுதான்.) இவருக்குத் தாள் வேலை இல்லை, மரம். கோபால் (copal) என்ற மென்மையான மரத்தின் கிளையில் வெட்டுக்கத்தியால் உருவம் இறக்கி, சிறு கத்தியால் நுணுக்கம் செய்து, காயவிட்டு, தேய்த்து, வண்ணம் பூசுவார். கிளை எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கம் வால் போகும், அல்லது கழுத்து திரும்பும். லினாரெஸின் மிருகங்கள் மரத்தில் இறங்கின, பெயரும் கூடவே இறங்கியது. அர்ராசோலா, சான் மார்த்தின் தில்காகெத்தே, லா உனியோன் தேகாலாபன் ஆகிய கிராமங்களில் இன்று இதுதான் குடும்பத் தொழில். சுற்றுலாப் பயணிகள் வாங்கிவரும் அலெப்ரிகேகளில் பெரும்பாலானவை இந்த மர வகை. அதனால் அலெப்ரிகே என்றாலே மரப் பொம்மைதான் என்று நினைப்பவர்கள் நிறைய. தாள்தான் மூத்தது.

பெயர் ஊர் மாறியதும் பொருளும் கொஞ்சம் மாறியது. வகாக்காவின் சாபோத்தேக் மக்களிடம் 'தோனா' என்ற நம்பிக்கை உண்டு: பிறந்த நாளைப் பொறுத்து ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் விலங்கு. 'நவால்' என்பது மனிதர் விலங்காக உருமாறும் நம்பிக்கை. இரண்டுமே மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டில் (Nahuatl) வழி வந்த சொற்கள். ஸ்பானியர் வருகைக்கும் முந்தையவை. மரப் பொம்மைக் கடைகளில் இப்போது அலெப்ரிகேவையும் தோனாவையும் ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள். தில்காகெத்தேயில் ஹகோபோ, மரியா ஆங்கெலெஸ் தம்பதியின் பட்டறை சாபோத்தேக் குறியீடுகளை வடிவங்களாக உடம்பெங்கும் வரைவதற்குப் பெயர் பெற்றது. அழகான வேலைதான், மறுக்க முடியாது. ஆனால் பழைய நம்பிக்கையும் 1936க்குப் பிறகு வந்த பெயரும் ஒன்றல்ல. 2017இல் வந்த பிக்சாரின் 'கோகோ' படம் இன்னொரு பொருளைச் சேர்த்தது. அதில் அலெப்ரிகேகள் இறந்தோர் உலகில் ஆவிகளுக்கு வழிகாட்டும் மிருகங்கள். இது படக்குழுவின் கற்பனை. லினாரெஸின் மிருகங்கள் யாருக்கும் வழிகாட்டவில்லை, அவரைப் பயமுறுத்தித்தான் அனுப்பின.

லினாரெஸுக்கு 1990இல் மெக்சிகோ அரசின் தேசியக் கலை அறிவியல் விருது, நாட்டார் கலைப் பிரிவில் கிடைத்தது. 1992இல் மறைந்தார். மகன்களும் பேரன்களும் தொழிலைத் தொடர்கிறார்கள். மெக்சிகோ நகர நாட்டார் கலை அருங்காட்சியகம் 2007 முதல் ராட்சத அலெப்ரிகேகளின் ஊர்வலம் நடத்துகிறது. சோகாலோ சதுக்கத்தில் கிளம்பி ரெஃபோர்மா சாலை வழியாக, சக்கரத்தில் ஏறி, இந்த மிருகங்கள் நகரத்தைச் சுற்றிவருகின்றன.

இனி தமிழ்ச் சொல். எல்லாருக்கும் முதலில் நாக்கில் வருவது 'யாளி'. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. கலப்பு விலங்குதான், சந்தேகமில்லை. ஆனால் யாளிக்கு இலக்கணம் இருக்கிறது. சிம்ம யாளி, மகர யாளி, யானை யாளி என்று வகை இருக்கிறது. தூணைத் தாங்கும் வேலையும் இருக்கிறது. சிற்பி தன் விருப்பத்துக்கு அதற்கு வண்ணத்துப்பூச்சிச் சிறகு வைக்க முடியாது. புருஷாமிருகம், காமதேனு, இருதலைப்புள் ஆகியவையும் அப்படியே: ஒவ்வொன்றுக்கும் இன்ன உறுப்பு என்று வரையறை உண்டு. அகநானூற்றில் கபிலர் 'இருதலைப் புள்ளின் ஓருயிர்' என்று சொன்னால் கேட்பவருக்கு உடனே புரிவது அதனால்தான். அலெப்ரிகேவில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்க வேண்டியதில்லை.

'உருவாரம்' என்ற நல்ல சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஊர்த் தெய்வத்துக்கு நேர்ந்துகொண்டு வைக்கும் மண் குதிரை, மாடு, குழந்தை உருவங்களைக் குறிப்பது. ஆனால் அது நேர்த்திக்கடன். வேலை இல்லாத மிருகத்துக்கு வேலை உள்ள சொல்லை வைத்தால் பொருள் திரிந்துவிடும்.

'விந்தை விலங்கு' எதற்கும் பொருந்தும், டைனோசருக்குக்கூட. ஆகவே எதையும் சொல்வதில்லை. 'கலப்புரு' சரியான சொல், ஆனால் அது பொது இனத்துக்கு: யாளி, ஒன்பது உயிர்களின் உறுப்பு சேர்ந்த நவகுஞ்சரம், அலெப்ரிகே எல்லாம் கலப்புருவில் அடங்கும். 'கனவுரு' எனக்குப் பிடித்த சொல். காதுக்கும் நன்றாக இருக்கிறது, பிறந்த கதையையும் ஏந்துகிறது. கட்டுரையில் முதல்முறை விளக்கும்போது 'அலெப்ரிகே என்னும் கனவுருப் பொம்மை' என்று எழுதலாம்.

அதற்கு மேல் மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. தமிழாக்கம் என்பது பொருளைத் தமிழுக்குக் கொண்டுவருவது. இந்தச் சொல்லுக்கு ஸ்பானிய மொழியிலேயே முன்பொருள் தேறவில்லை. அந்த மிருகங்கள் கத்திய ஒலிதான் அது. மாடு கத்துவதை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, நம் எழுத்தில் எழுதிவைத்துக்கொள்கிறோம்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஸ்பானியப் பன்மையான 'அலெப்ரிகேஸ்' தமிழில் வேண்டாம், 'அலெப்ரிகேகள்' போதும். வேற்றுமை உருபு தடையில்லாமல் சேரும்: அலெப்ரிகேவை, அலெப்ரிகேவுக்கு, அலெப்ரிகேவின். எந்த வகை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'தாள் அலெப்ரிகே', 'மர அலெப்ரிகே' என்று பிரித்துச் சொன்னால் லினாரெஸ் பட்டறையா, வகாக்கா கிராமமா என்ற குழப்பம் வராது.