ஒரு லிட்டர் ஆயிலும் மூன்று வேலைகளும்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழெட்டு வளைவு தாண்டியதும் என் 125 சிசி வண்டி வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் அலறியது. வண்டியோ அதே வேகத்தில் ஊர்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, "என்னங்க, சத்தம்தான் வருது, வண்டி போகவே மாட்டேங்குதே" என்றாள். கிளட்ச் வழுக்குகிறது என்று தெரிந்தது. ஆனால் கிளட்ச் பிளேட் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மேலே போய்ச் சேர்ந்து, டீ குடித்துவிட்டு யோசித்தபோதுதான் காரணம் பிடிபட்டது. காருக்கு வாங்கிய ஆயிலில் மீந்த ஒரு லிட்டரை, விலை உயர்ந்த ஆயில்தானே என்று, போன வாரம் நானே வண்டிக்கு ஊற்றியிருந்தேன்.

அந்த ஆயிலில் ஒரு குறையும் இல்லை. காருக்கு அது மிக நல்ல ஆயில். பைக்கின் வயிற்றுக்குள் அதற்கு என்னென்ன வேலை காத்திருக்கிறது என்பதை நான் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சென்னையில் தயாரான அந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒரு ஆயில், கியர் பாக்ஸுக்குத் தனி, கிளட்சும், எஞ்சின் சக்தியைக் கிளட்சுக்குக் கடத்தும் பிரைமரி செயினும் இருக்கிற இடப்பக்க உறைக்குத் தனி. மூன்று அறை, மூன்று ஊற்றுவாய். இன்றைய பைக்குகளில் இந்த மூன்றும் ஒரே உறைக்குள் வந்துவிட்டன. ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டியில் ஆயில் மாற்றும்போது ஊற்றுகிற ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிஸ்டனையும், வால்வுகளைத் திறக்கும் கேமையும் காக்கிறது, கியர் பற்களுக்கு இடையில் நசுங்குகிறது, கிளட்ச் பிளேட்டுகளையும் நனைக்கிறது. காற்றால் குளிரும் எஞ்சினாக இருந்தால், சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே கொண்டுவருவதிலும் அதற்குப் பெரிய பங்கு. காரில் மூன்று, நான்கு லிட்டர் ஆயில் எஞ்சின் வேலையை மட்டும் பார்க்கிறது. கியருக்கு வேறு ஆயில், கிளட்ச் எஞ்சின் ஆயிலையே தொடுவதில்லை.

இந்த மூன்று வேலைகளில் ஒன்று மற்ற இரண்டுக்கும் நேர் எதிரானது. பிஸ்டனும் கியரும் உராய்வு குறைய வேண்டும் என்கின்றன. கிளட்சுக்கோ உராய்வுதான் உயிர். உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டும் வெறும் எஃகு பிளேட்டும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங் போட்டு இறுக்கியதுதான் பைக்கின் கிளட்ச். எண்ணெயில் குளித்துக்கொண்டே அந்தப் பிளேட்டுகள் ஒன்றையொன்று வழுக்காமல் பிடித்தாக வேண்டும்.

கார் ஆயில்களில் எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் வரத் தொடங்கின. மாலிப்டினம் சேர்மங்கள் அவற்றில் ஒரு வகை. உலோகப் பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு அதை வழுவழுப்பாக்குவதுதான் அவற்றின் வேலை. கிளட்ச் பிளேட்டும் அவற்றுக்கு ஒரு பரப்புதான். காக்க வேண்டிய இடம் எது, விட்டுவிட வேண்டிய இடம் எது என்று ஆயிலுக்குத் தெரியாது. பைக்குக்கென்று தனித் தரம் தேவைப்பட்டபோது ஜப்பானியர்கள் 1998இல் ஜாஸோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். கிளட்ச் பிளேட்டுகளை அந்தந்த ஆயிலில் நனைத்து, சோதனை இயந்திரத்தில் சுழற்றி, எவ்வளவு உறுதியாகப் பிடிக்கின்றன, எவ்வளவு நேரத்தில் நிற்கின்றன என்று அளக்கிறார்கள். உராய்வு போதுமான அளவு இருந்தால் எம்.ஏ, குறைவாக இருந்தால் எம்.பி. 2006இல் எம்.ஏ வகையை எம்.ஏ.1, எம்.ஏ.2 என்று மேலும் பிரித்தார்கள். கிளட்ச் மிக இறுக்கமாகப் பிடிப்பது எம்.ஏ.2வில்.

ஆயில் கேனில் நான் முதலில் தேடச் சொல்வது இந்த எழுத்தைத்தான். பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்ணை எல்லோரும் பார்க்கிறார்கள். பின்பக்கம் சின்னதாக இருக்கிற எம்.ஏவைப் பார்ப்பவர் குறைவு. கியர் வண்டிக்கு எம்.ஏ அல்லது எம்.ஏ.2 கட்டாயம். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டும் கிளட்சும் ஆயில் படாத தனி அறையில் காய்ந்தே ஓடுகின்றன. அதனால் அங்கே எம்.பி போதும், மைலேஜுக்கும் அதுதான் நல்லது. வீட்டில் ஸ்கூட்டரும் பைக்கும் இருந்து, ஸ்கூட்டர் கேனிலிருந்து பைக்குக்கு ஊற்றினால் என் ஏற்காடு அனுபவம் உங்களுக்கும் வரலாம்.

இனி அந்தப் பெரிய எண். 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்பதெல்லாம் ஆயிலின் தரத்தைச் சொல்வதில்லை. அது எவ்வளவு கெட்டி, எவ்வளவு நீர்ப்பு என்பதை மட்டும் சொல்கிறது. கெட்டித்தன்மைக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. 1883 வாக்கில் இங்கிலாந்தில் பொச்சாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும் எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரக்கட்டையைச் செருகினார்; அதுவும் வந்துவிட்டது. அழுத்தமானியைப் பொருத்தினால் முள் அதன் எல்லையையே தாண்டியது. சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துச் சென்று, ஆப்பு மாதிரி குறுகும் இடைவெளிக்குள் திணித்து, அந்த அழுத்தத்தின் மேல் முழுப் பாரத்தையும் மிதக்கவிடுகிறது! 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். மழைத் தண்ணீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் டயர் தரையைத் தொடாமல் மிதக்கிறதே, அதே சங்கதிதான். சாலையில் அது ஆபத்து. எஞ்சினுக்குள் அதனால்தான் உலோகம் உலோகத்தைத் தொடாமல் ஓடுகிறது.

இந்த எண்ணெய்ப் படலத்தின் தடிமன் மூன்றைப் பொறுத்தது: வேகம், பாரம், எண்ணெயின் கெட்டித்தன்மை. முதல் இரண்டும் ஓட்டுபவர் கையில். மூன்றாவது மட்டும்தான் கேனில் வருகிறது. நீர்த்துப்போனால் படலம் அறுந்து உலோகம் உரசும். கெட்டியாக இருந்தால் பம்ப் திணறும், எஞ்சின் எண்ணெயைக் கலக்குவதிலேயே சக்தியை இழக்கும். பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்று முடிவு செய்யும்போதே இன்ன ஆயில்தான் ஓடும் என்று வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுவிடுகிறார்.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 10டபிள்யூ என்றால் -25 டிகிரி செல்சியஸ் குளிரில் எஞ்சினைச் சுழற்றும் சோதனையில் தேறியது. 20டபிள்யூ என்றால் -15 டிகிரியில். இரண்டாவது எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பது. கெட்டித்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை. சாதாரணத் தண்ணீர் 20 டிகிரியில் சுமார் 1 சென்டிஸ்டோக் என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

ஊட்டியின் உறைபனிக் காலையில்கூட -25 டிகிரி வராது. அப்படியானால் முதல் எண் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட வீட்டு வாசலின் 28 டிகிரியில் பல மடங்கு கெட்டியாக இருக்கும். 40 டிகிரியில் 10டபிள்யூ-30 ஏறக்குறைய 70 சென்டிஸ்டோக் என்றால் 20டபிள்யூ-50 அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உச்சியில் இருக்கும் கேமுக்கு ஆயில் ஏறிச் சேரும் வரை அங்கே பாதுகாப்பாக இருப்பது நேற்றைய மிச்சப் படலமும், துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த தேய்மானத் தடுப்புச் சேர்மானம் உலோகத்தில் படியவிட்ட மெல்லிய பூச்சும்தான். ஆயில் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

"இருபது ஐம்பது ஊத்துங்க சார், சத்தம் அடங்கிடும்" என்று பட்டறையில் சொல்வதில் உண்மை இருக்கிறது. கெட்டிப் படலம் சத்தத்தை உண்மையிலேயே மட்டுப்படுத்தும். ஆனால் 10டபிள்யூ-30க்காகச் செய்த 100 சிசி வண்டியில் அதற்கு மைலேஜும் பிக்கப்பும் விலை. தலைகீழாகச் செய்தாலும் தப்பு. 15டபிள்யூ-50 கேட்கும் ராயல் என்ஃபீல்டில் 10டபிள்யூ-30 ஊற்றி, ஏப்ரல் வெயிலில் வேலூர் நெரிசலில் நின்று நின்று போனால் படலம் தேவைக்குக் கீழே மெலிந்துவிடும். வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும் எண்ணைத்தான் நான் நம்புவேன். வெப்பநிலைக்கு ஏற்ற மாற்று எண்ணைக் கையேடே கொடுத்திருந்தால், அந்த எல்லைக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே ஆயில் எப்படி இரண்டு எண் வாங்குகிறது? அதில் நீளமான பாலிமர் இழைகள் கலந்திருக்கின்றன. குளிரில் அவை நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரிந்து ஆயில் ஒரேயடியாக நீர்த்துப்போகாமல் தாங்கும். பைக்கில் இந்த இழைகளுக்குக் கியர் பற்கள்தான் எமன். பற்களுக்கு நடுவே மாட்டி அவை துண்டு துண்டாக அறுபடுகின்றன. 40ஆக ஊற்றியது சில ஆயிரம் கிலோமீட்டரில் 30 அளவுக்கு இறங்கிவிடக்கூடும். ஆயில் மாற்ற வேண்டிய நேரம் நெருங்கும்போது கியர் முரட்டுத்தனமாக விழுவதும், சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் காலால் தேடுவதும் பெரும்பாலும் இதனால்தான்.

செயற்கையாகத் தயாரிக்கும் சிந்தெடிக் ஆயிலின் மூலக்கூறுகள் ஒரே சீரானவை. அதனால் அதற்குப் பாலிமர் குறைவாகப் போதும், சூட்டில் கெடுவதும் மெதுவாக நடக்கும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், நிமிடத்துக்கு 9,000 சுழற்சி வரை முறுக்கி ஓட்டும் வண்டிக்கு அந்தச் செலவு தகும். தினமும் நாற்பது கிலோமீட்டர் நிதானமாக ஓடும் 100 சிசி வண்டிக்கு, கையேடு கேட்காத பட்சத்தில், சாதாரண ஆயிலை நேரத்துக்கு மாற்றுவதே போதும் என்பது என் கருத்து. செமி சிந்தெடிக் என்ற பெயரை நம்பி மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்; அதில் சிந்தெடிக் எத்தனை பங்கு இருக்க வேண்டும் என்று பொதுவான வரையறை கிடையாது.

கேனில் ஏ.பி.ஐ என்ற அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் தர எழுத்துகளும் இருக்கும். அவற்றில் எஸ்.எல் 2001இல் வந்தது, எஸ்.என் 2010, எஸ்.பி 2020. புதியது பழையதற்குப் பதிலாகும், ஜாஸோ எழுத்தும் கூடவே இருந்தால். ஆர்எக்ஸ்100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் கதை வேறு. அங்கே எஞ்சினுக்குப் போகிற ஆயில் பெட்ரோலோடு எரிந்தே தீர்ந்துவிடுகிறது.

ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று பதறுகிறவர்களைப் பார்க்கிறேன். கரியைக் கழுவி, அது எங்கும் படியாமல் தன்னிலேயே சுமந்துகொண்டிருப்பதால்தான் கறுக்கிறது. அது வேலை செய்வதன் அடையாளம். பால் கலந்த காபி நிறத்துக்கு வந்தால்தான் கவலை, தண்ணீர் சேர்ந்திருக்கிறது. கடைக்கும் பள்ளிக்குமாக இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச்சூடு ஏறுவதே இல்லை. அதனால் ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கிவிடும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் கையேடு சொல்லும் மாதக் கணக்குக்கு மாற்றச் சொல்வது அதற்காகத்தான்.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய மறுநாள், எஞ்சின் சூடாக இருக்கும்போதே அந்த ஆயிலை வடித்துவிட்டு எம்.ஏ.2 ஊற்றினேன். வழுக்கல் உடனே போகவில்லை. பிளேட்டில் ஒட்டிய சேர்மானம் கழுவப்பட வேண்டியிருந்தது. முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி, அதையும் வடித்து, மறுபடி புது ஆயில் ஊற்றிய பிறகு கிளட்ச் பழையபடி பிடித்தது. பிளேட்டுகளை மாற்ற வேண்டிவரவில்லை.