வாரண்டியை ரத்து செய்கிறீர்களா? முதலில் ஓடோமீட்டரைப் படம் எடுங்கள்

நுகர்வோர் வழக்குகளைப் பார்க்கும் வழக்கறிஞர் நான். காருக்கு வாங்கிய எக்ஸ்டெண்டட் வாரண்டியை, அதாவது கூடுதல் காலத்துக்கான பழுதுபார்ப்பு உத்தரவாதத்தை, ரத்து செய்யப் போய் அலைக்கழிக்கப்பட்டவர்கள் அடிக்கடி என்னிடம் வருவார்கள். ஒப்பந்தம் கையில் இருக்கும், ஆனால் படித்திருக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. புது வண்டி எடுக்கிற அன்று அத்தனை தாள்களை நீட்டிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கட்டுக்குள் இதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது.

கார் தயாரித்த நிறுவனம் வண்டியோடு தரும் வாரண்டி வேறு, இது வேறு. இது நீங்கள் தனியாகப் பணம் கொடுத்து வாங்கிய சேவை ஒப்பந்தம். அதனால்தான் பாதியில் ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பணத்தைக் கேட்க வழி இருக்கிறது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கென்று ஒரு பிரிவே உண்டு. வாங்கிய சில வாரங்களுக்குள், எந்தப் பழுதுக்கும் பயன்படுத்தாமல் ரத்து செய்தால் முழுப் பணமும் கிடைக்கும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. அந்தக் கெடு தாண்டிவிட்டால் கணக்குப் போட்டுத்தான் தருவார்கள்.

சண்டை வருவது அந்தக் கணக்கில்தான். 48 மாதம் அல்லது 60,000 கிலோமீட்டர் என்று ஒரு வாரண்டி இருக்கிறது என்று வையுங்கள். 12 மாதத்தில் ரத்து செய்கிறீர்கள். கால்வாசிதானே போயிருக்கிறது, முக்கால் பங்கு வரும் என்று நினைப்பீர்கள். ஆனால் வண்டி அதற்குள் 30,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால், இரண்டில் எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு பாதியைத்தான் தருவார்கள். அதிலும் ரத்துக் கட்டணம் கழியும். ஏற்கெனவே பழுது பார்த்த செலவையும் சில ஒப்பந்தங்கள் கழித்துக்கொள்ளும்.

இன்னொரு இடறல், கணக்கு தொடங்கும் நாள். தயாரிப்பாளரின் வாரண்டி முடிந்த பிறகுதானே இது ஆரம்பிக்கிறது, இன்னும் ஒரு நாள்கூடப் பயன்படுத்தவில்லையே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் பல ஒப்பந்தங்கள் வாங்கிய நாளிலிருந்தே காலத்தை எண்ணுகின்றன. நிறுவனம் சொன்ன தொகை தப்பு என்று வாதாடும் முன் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

சரி, யாரிடம் கேட்பது? ஷோரூமில் கேட்டால் வாரண்டி நிறுவனத்தைக் கேளுங்கள் என்பார்கள். அங்கே கேட்டால் விற்றவர் கையெழுத்து வேண்டும் என்பார்கள். இப்படியே இரண்டு மாதம் ஓடிவிடும், அந்த இரண்டு மாதமும் நீங்கள் பயன்படுத்திய கணக்கில் சேர்ந்துவிடும். போனில் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. அமெரிக்காவில் 2023 நவம்பரில், டொயோட்டாவின் கார்க் கடன் நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு ஓர் உத்தரவு பிறப்பித்தது. காரோடு சேர்த்து விற்ற கூடுதல் திட்டங்களை ரத்து செய்யக் கூப்பிட்ட 1,18,000-க்கும் மேற்பட்ட அழைப்புகள், வாடிக்கையாளர் மூன்று முறை கேட்கும் வரை திட்டத்தின் பெருமையையே பேசச் சொல்லப்பட்ட ஊழியர்களிடம் திருப்பிவிடப்பட்டன என்று அந்த அமைப்பு கண்டறிந்தது. அதற்குப் பிறகும் எழுத்தில் தந்தால்தான் ரத்து என்றார்களாம்.

அதனால் முதல் நாளே எழுதிக் கொடுங்கள். ஒப்பந்த எண், வண்டி எண், இந்தத் தேதியிலிருந்து ரத்து செய்கிறேன் என்ற ஒரு வரி, அன்றைய ஓடோமீட்டர் படம், இவ்வளவு போதும். ஷோரூம், வாரண்டி நிறுவனம் இரண்டுக்கும் ஒரே நாளில் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். அவர்களுக்கென்று தனிப் படிவம் இருந்தால் அப்புறம் நிரப்பிக் கொடுக்கலாம். ஆனால் முதல் கடிதத்தின் தேதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்னிடம் வந்த ஒருவருக்கு அப்படி ஒரு மின்னஞ்சல்தான் கைகொடுத்தது. நான்கு மாதம் கழித்து வந்த படிவத்தின் தேதியை வைத்து நிறுவனம் கணக்குப் போட்டிருந்தது. பழைய மின்னஞ்சலைக் காட்டியதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

வாரண்டித் தொகையையும் கார்க் கடனோடு சேர்த்திருந்தால், ரீஃபண்ட் பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. கடன் கொடுத்தவருக்குப் போய் அசலில் கழியும். மாதத் தவணை அப்படியே இருக்கும், கடன்தான் முன்னதாக முடியும். பணம் வரவில்லை என்று புகார் எழுதும் முன் கடன் கணக்கு விவரத்தை வாங்கிப் பாருங்கள்.

கடனை முன்கூட்டியே அடைத்தவர்களும், விபத்தில் வண்டியை முழுதாக இழந்தவர்களும் இந்த ரீஃபண்டைக் கேட்க மறந்தே போகிறார்கள். வண்டி போனால் ஒப்பந்தமும் தானாக ரத்தாகிவிடும் என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் கேட்காவிட்டால் பணம் அங்கேயே கிடக்கும். வண்டியை விற்கிறீர்கள் என்றால், ரத்து செய்வதற்கு முன் வாரண்டியை வாங்குபவர் பெயருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மீதிக் காலம் நிறைய இருந்தால் ரீஃபண்டைவிட அதில் நல்ல விலை கிடைக்கலாம். விற்றே விட்டீர்களா? விற்பனைத் தாளில் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதன் நகலோடு இன்றே ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.